கொம்பியூட்டர் பெட்டிக்கும் ஒரு முன்கதவு, ஒரு பின்கதவு

சாமத்திய வீட்டு வீடியோ ஒன்று. நாலு மணித்தியாலப் பதிவை வெட்டிக் கொத்தி, பாட்டுப் போட்டு, எல்லாவற்றையும் ஒரே வீடியோ ஃபைலாக்குகிற எக்ஸ்போர்ட் வேலையைக் கொம்பியூட்டருக்குக் கொடுத்துவிட்டு, தெரிந்த தம்பி ஒருவன் சாப்பிடப் போயிருக்கிறான். காலையில் கொடுத்தால் நாற்பது நிமிடத்தில் முடிகிற வேலை. அன்று பின்னேரம் இரண்டு மணிக்குக் கொடுத்தது, ஒரு மணித்தியாலம் தாண்டியும் ஓடிக்கொண்டிருந்ததாம்.

"அண்ணை, புரொசெசர் பழுதாப் போச்சுப் போல கிடக்கு. மாத்த வேணுமோ?" என்று பரந்தனிலிருந்து ஃபோன்.

"விடியக் காலமை ஓடுதோ?"

"ஓம், விடியக் காலமை பறக்குது. மத்தியானம் தான் இழுவல்."

"அப்ப பழுதில்லை. ஒண்டையும் கழட்டாமல் வை, ஞாயிற்றுக்கிழமை வாறன்."

கொழும்பிலிருந்து பஸ்ஸில் சாமான்களை எடுப்பித்து, யூடியூப் பார்த்து, தானே பூட்டிய கொம்பியூட்டர் அது. வன்னியில் இப்போது இப்படித் தாங்களே பூட்டுகிற பெடியள் நிறைய. பூட்டுகிற வேலையைப் பிழையில்லாமல் செய்கிறார்கள். ஆனால் பெட்டிக்குள் காற்று எதால் வந்து எதால் போகிறது என்று யோசிப்பவர்கள் குறைவு. யூடியூபில் பார்க்கிற பெட்டிகள் பெரும்பாலும் ஏசி அறைக்குள் இருக்கிறவை. எங்கள் பெட்டியோ தகரத்துக்குக் கீழே இருக்கிறது.

முதலில், அந்த இழுவல் ஏன் என்று பார்ப்போம். கொம்பியூட்டரின் கணக்கெல்லாம் செய்கிற சில்லுத்தான் புரொசெசர். அதற்குள்ளேயே வெப்பம் அளக்கிற உணரிகள் இருக்கின்றன. ஒரு எல்லையைத் தொட்டதும் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். தம்பியிடம் இருப்பது 12ஆம் தலைமுறை இன்டெல் ஐ5. அதற்கு எல்லை 100 பாகை செல்சியஸ். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 95. வேகத்தைக் குறைத்தும் சூடு அடங்காவிட்டால் கடைசியில் கொம்பியூட்டர் படக்கென்று நின்றுவிடும். கரண்ட் போகாமலே நிற்கிற பெட்டியைப் பார்த்துப் "பேய் பிடிச்சிட்டுது" என்று சொன்ன ஒரு வீட்டுக்கும் போயிருக்கிறேன். அங்கே ஹீட்சிங்க், அதாவது புரொசெசரின் சூட்டை வாங்கிக் காற்றுக்குக் கொடுக்கிற உலோகத் தகட்டுக் கட்டு, கழன்று தொங்கிக்கொண்டிருந்தது.

ஆகவே மத்தியான இழுவல் என்பது புரொசெசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிற செயல். வெயிலுக்கு மண்வெட்டியை வைத்துவிட்டு வேம்புக்குக் கீழே போய் இருக்கிறவரைப் போல. ஆளுக்கு வருத்தமில்லை, வெயில்தான் கூட.

இனி அடிப்படைக்கு வருவோம். கொம்பியூட்டர் இழுக்கிற மின்சாரம் அத்தனையும், ஏறத்தாழ ஒரு துளி மிச்சமில்லாமல், சூடாகத்தான் வெளியே வருகிறது. நீர் இறைக்கிற மோட்டர் கொஞ்ச மின்சாரத்தைத் தண்ணீரை உயர்த்தச் செலவழிக்கும்; கொம்பியூட்டர் எதையும் உயர்த்துவதில்லை. விளையாடும்போதோ வீடியோ எக்ஸ்போர்ட் பண்ணும்போதோ 300 வாட் இழுக்கிற பெட்டி, பழைய 100 வாட் குண்டு பல்ப் மூன்றை ஒரு சின்னப் பெட்டிக்குள் எரிய விட்டதற்குச் சமன். அந்தச் சூட்டை யாராவது வெளியே எடுத்துப் போக வேண்டும். எடுத்துப் போகிறது காற்று. விசிறி காற்றை ஓட்டுகிற ஆள் மட்டும்தான்.

இங்கேதான் பலருக்கும் ஒரு மயக்கம் இருக்கிறது. விசிறி போட்டால் குளிரும் என்று நினைக்கிறோம், எங்களுக்குக் குளிர்கிறபடியால். எங்களுக்குக் குளிர்வது வேர்வை காய்கிறபடியால். கொம்பியூட்டருக்கு வேர்ப்பதில்லை. அறைக் காற்று 36 பாகை என்றால், எத்தனை விசிறி பூட்டினாலும் பெட்டிக்குள் ஒரு சாமானும் 36க்குக் கீழே இறங்காது. தகரக் கூரை வீட்டில் சீலிங் ஃபான் போடுவது சில வேளை பெட்டிக்குக் கெடுதலாகக்கூட முடியும். தகரத்துக்குக் கீழே தேங்கி நிற்கிற வெக்கையை அது கீழே இறக்கிவிடும்.

ஆகவே பார்க்க வேண்டியது புரொசெசர் எத்தனை பாகை என்பதை மட்டும் இல்லை. அறையின் வெப்பநிலைக்கும் புரொசெசரின் வெப்பநிலைக்கும் உள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும். ஒரே வேலையை ஒரே பெட்டி செய்யும்போது அந்த இடைவெளி ஏறத்தாழ மாறாது. இடைவெளி 60 என்று வைப்போம். நுவரெலியாவில் 16 பாகை அறையில் புரொசெசர் 76இல் நிற்கும். ஒருவரும் அதைப் பற்றிக் கவலைப்பட மாட்டார்கள். கிளிநொச்சியில் விடிய 27 பாகையில் 87, அதுவும் ஓடும். மத்தியானம் தகரத்துக்குக் கீழே 38 பாகையில் 98. அவ்வளவுதான், எல்லையை உரசியாயிற்று. பெட்டியிலே ஒன்றும் மாறவில்லை. நுவரெலியாக்காரன் பூட்டுவதைவிட நாங்கள் கவனமாகப் பூட்ட வேண்டியிருப்பது இதனால்தான். வானத்தை நாங்கள் குளிர்விக்க முடியாது, இடைவெளியைக் குறைக்கலாம்.

எப்படிக் குறைப்பது? எங்கள் ஊர்ப் பழைய வீடுகளை நினைத்துப் பாருங்கள். முன்கதவும் பின்கதவும் ஒரே நேரில் இருக்கும். இரண்டையும் திறந்துவிட்டால் சோளகம் ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் போகும், நடுவிறாந்தையில் பாயைப் போட்டால் நல்ல நித்திரை. பின்கதவைச் சாத்திப் பாருங்கள், முன்கதவால் எவ்வளவு அடித்தாலும் காற்று உள்ளே வராது. உள்ளே இருக்கிற காற்றுக்குப் போக இடமில்லாவிட்டால் புதுக்காற்றுக்கு வர இடம் ஏது? குசினியும் அப்படித்தான். புகைக்கூடு எவ்வளவு உயரமாகக் கட்டினாலும், கீழே கதவும் யன்னலும் பூட்டியிருந்தால் புகை கண்ணைத்தான் எரிக்கும்.

கொம்பியூட்டர் பெட்டியில் முன்பக்கமும் அடிப்பக்கமும் காற்று வருகிற வழி. பின்பக்கமும் மேல்பக்கமும் போகிற வழி. சூடான காற்று தானாக மேலே எழும் என்பது உண்மைதான், ஆனால் அந்த எழுச்சி மிக மெல்லியது. ஒரு சின்ன விசிறி அதை எந்தப் பக்கமும் இழுத்துப் போகும். மேலே வெளியேற்றுவது நல்லது. அதற்காக மற்ற எல்லாவற்றையும் தலைகீழாக்கத் தேவையில்லை.

எவ்வளவு காற்று வேண்டும் என்று ஒரு சின்னக் கணக்குப் பார்க்கலாம். கணக்குப் பிடிக்காதவர்கள் இந்தப் பந்தியைத் தாண்டிப் போகலாம், ஆனால் காசு மிச்சம் பிடிக்கிற பந்தி இதுதான். ஒரு லீற்றர் காற்றை ஒரு பாகை சூடாக்க ஏறத்தாழ 1.2 ஜூல் சக்தி போதும். உங்கள் பெட்டி 300 வாட் சூட்டைக் கக்குகிறது, அதாவது செக்கனுக்கு 300 ஜூல். பெட்டிக்குள்ளால் செக்கனுக்கு 25 லீற்றர் காற்று போனால், வெளியே வருகிற காற்று உள்ளே போன காற்றைவிட 10 பாகை கூடச் சூடாக இருக்கும். காற்று பாதியாகக் குறைந்தால் 20 பாகை. இரண்டு மடங்கானால் 5 பாகை. நாலு மடங்கானால் இரண்டரை. பாருங்கள், மூச்சுத் திணறுகிற பெட்டிக்குக் காற்றை இரட்டிப்பாக்கினால் 10 பாகை இலாபம். ஏற்கெனவே நல்லாக ஓடுகிற பெட்டிக்குக் காற்றை இரட்டிப்பாக்கினால் இரண்டரைப் பாகைதான் இலாபம், சத்தம் மட்டும் உழவு மெசின் மாதிரி. சாதாரண 120 மில்லிமீற்றர் விசிறி ஒன்று, முன்னால் தடையில்லாவிட்டால், செக்கனுக்கு 25 தொடக்கம் 30 லீற்றர் தள்ளும். பெட்டிக்குள் பூட்டினால் அதைவிடக் குறையும். ஆகவே பெரும்பாலான வீட்டுப் பெட்டிகளுக்கு முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று போதும். ஏழு விசிறி பூட்டுவது வடிவுக்கு.

ஞாயிற்றுக்கிழமை பரந்தனுக்குப் போனேன். வெயில் நல்லாக ஏறட்டும் என்று வேண்டுமென்றே பன்னிரண்டு மணிக்குப் பிறகுதான் போனது. கிரவல் ரோட்டு ஓரத்து வீடு. டிப்பர் ஒன்று போனால் முற்றத்து வாழைக்குச் செம்மண் பூச்சு. அறைக்குள் 36 பாகை. கொம்பியூட்டர் மேசைக்கு அடியில், "சீபீயூ வைக்கிற இடம்" என்று தச்சர் அளவெடுத்துச் செய்த பலகைக் கூட்டுக்குள் பெட்டி இறுக்கமாக உட்கார்ந்திருந்தது. பின்னால் பலகை. வயர் போக ஒரு ஓட்டை, உள்ளங்கை அளவு.

வெப்பநிலையையும் வேகத்தையும் காட்டுகிற எச்.டபிள்யூ.இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு, அதே எக்ஸ்போர்ட்டைக் கொடுக்கச் சொன்னேன். பத்து நிமிடத்தில் புரொசெசர் 100இல் போய் ஒட்டிக்கொண்டது. வேகம் 4.0 கிகாஹேர்ட்ஸில் தொடங்கி 2.6க்கு இறங்கிவிட்டது. இந்த இரண்டாவது எண்ணையும் எப்போதும் பாருங்கள். எல்லையில் ஒட்டி நிற்கிற புரொசெசருக்கு நீங்கள் ஏதாவது நல்லது செய்தால், முதலில் வெப்பநிலை குறையாது, வேகம்தான் கூடும். "எல்லாம் செய்தும் 100லதான் நிக்குது" என்று மனம் சலிக்கிறவர்கள் வேகத்தைப் பார்ப்பதில்லை.

பெட்டியைப் பலகைக் கூட்டிலிருந்து இழுத்து மேசைக்குப் பக்கத்தில் வைத்தோம். வெப்பநிலை அதே 100, ஆனால் வேகம் 3.3க்கு ஏறியது. கூட்டுக்குள் நடந்தது இதுதான்: பின்னால் வெளியே தள்ளிய சூட்டுக் காற்று போக வழியில்லாமல் சுற்றி வந்து முன்னால் திரும்ப உள்ளே போயிருக்கிறது. பெட்டியின் அறை 36 பாகை இல்லை. பெட்டியைப் பொறுத்தவரை அந்தப் பலகைக் கூடுதான் அறை.

அடுத்தது முக்கியமான சோதனை. பக்கக் கதவைக் கழற்றினேன். அரை மணித்தியாலம் விட்டோம். 89 பாகை, வேகம் 4.0.

இந்தச் சோதனைக்கு ஒரு சதம் செலவில்லை, எங்கே பிழை என்று சொல்லிவிடும். பக்கக் கதவைத் திறந்ததும் பத்துப் பாகை அளவில் இறங்கினால், அல்லது வேகம் நல்லாக ஏறினால், உங்கள் பிரச்சினை பெட்டிக்குள் காற்று வராதது. புரொசெசர் மேல் இருக்கிற ஹீட்சிங்க் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது, அதற்குக் கிடைக்கிற காற்றுத்தான் ஏற்கெனவே சூடானது. திறந்தும் இரண்டு மூன்று பாகைதான் இறங்கினால், பெட்டியைக் குறை சொல்லாதீர்கள். ஹீட்சிங்க், அதன் விசிறி, அதற்குக் கீழே இருக்கிற, சூடு கடத்துகிற பசையான தேமல் பேஸ்ட், இவற்றில் ஒன்றில்தான் பிழை. கடைக்குப் போய் விசிறி வாங்குவதற்கு முன் இதைச் செய்யாதவர்கள் காசைக் குளத்தில் போடுகிறார்கள்.

"அப்ப கதவைக் கழட்டியே விடட்டோ அண்ணை?" என்றான் தம்பி.

கழற்றி விட்டு, பக்கத்தில் மேசை ஃபான் வைத்து ஓட்டுகிற வீடுகள் எங்கள் பக்கம் நிறைய. அவசரத்துக்கு ஒரு நாள் செய்யலாம். ஆனால் திறந்த பெட்டி புழுதிக்கும் திறந்ததுதான். பல்லி சூட்டைத் தேடி வரும். எல்லாச் சாமானையும் இணைக்கிற மதர்போட்டில் இரண்டு முனையைத் தொட்டால் அதுவும் சாகும், போட்டும் சாகும். கரண்ட் போட்டிருக்கும்போது சின்னப்பிள்ளை கை வைக்கலாம். குளவியையும் சொல்ல வேண்டும். முள்ளியவளையில் ஒரு பெட்டியின் பின்பக்கக் காற்று ஓட்டைகளைக் குளவி மண் வைத்து அடைத்திருந்ததைச் சிரட்டைக் கரண்டிக் காம்பால் சுரண்டி எடுத்தேன். ஆறு மாதம் பாவிக்காமல் வைத்த பெட்டி அது.

கதவை மூடிவிட்டு ஒரு சாம்பிராணிக்குச்சி கொளுத்தச் சொன்னேன். தம்பியின் அம்மா எட்டிப் பார்த்து, "கொம்பியூட்டருக்குத் திருஷ்டி கழிக்கிறியளோ?" என்றா. காற்றைக் கண்ணால் காண இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது. சாம்பல் உள்ளே விழாமல் குச்சியைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, ஒவ்வொரு இடுக்காகக் கொண்டு போக வேண்டும். புகை உறிஞ்சப்பட்டால் அது வரும் வழி, தள்ளப்பட்டால் போகும் வழி, சும்மா மேலே எழுந்தால் அங்கே ஒன்றும் நடக்கவில்லை.

பெட்டியின் முன்பக்கம் முழுக்கக் கறுத்தக் கண்ணாடி. அதற்குப் பின்னால் நிறம் மாறி மாறி எரிகிற மூன்று விசிறி, பார்க்கத் திருவிழாச் சோடனை. கண்ணாடிக்கு நேரே குச்சியைப் பிடித்தால் புகை அசையவே இல்லை. கண்ணாடியின் ஓரத்தில் ஒரு விரல் தடிப்பமும் இல்லாத இடுக்கு. மூன்று விசிறிக்கும் காற்று அந்த இடுக்கால்தான். அங்கே மட்டும் புகை நூல் மாதிரி உள்ளே இழுபட்டது. மூன்று பேரும் ஒரே ஸ்ட்ரோவில் இளநீர் குடிக்க முயல்வது மாதிரி.

பெட்டி வாங்கும்போது பாருங்கள்: முன்பக்கம் வலையா, மூடிய கண்ணாடியா? எங்கள் வெக்கைக்கு வலைதான். என் எண்ணத்தில், விலை கூடின கண்ணாடிப் பெட்டியைவிட விலை குறைந்த வலைப் பெட்டி நூறு மடங்கு மேல். ஏற்கெனவே கண்ணாடிப் பெட்டி வாங்கியவர்கள் செய்யக்கூடியது, நாங்கள் அன்று செய்தது: கண்ணாடியைக் கழற்றி ஒரு பக்கம் வைத்தோம். கதவு மூடியபடி 91 பாகை, 4.0. திறந்த கதவோடு ஓடினதுக்கும் இதுக்கும் இரண்டு பாகைதான் வித்தியாசம்.

கண்ணாடி போன இடத்துக்கு ஒரு வடிகட்டி வேண்டும், இல்லாவிட்டால் கிரவல் ரோட்டின் பாதி உள்ளே வந்துவிடும். யன்னலுக்கு அடிக்கிற நைலோன் நுளம்பு வலையில் ஒரு துண்டு வெட்டினோம். பழைய ஃப்ரிஜ் கதவின் ரப்பர்ப் பட்டிக்குள் காந்தப் பட்டி இருக்கும். வீட்டுக்குப் பின்னால் கிடந்த ஃப்ரிஜ்ஜிலிருந்து அதை உருவி, வலையின் நாலு ஓரத்திலும் ஒட்டினோம். பெட்டியின் இரும்புச் சட்டத்தில் அது தானாக ஒட்டிக்கொண்டது. கழற்றிக் கழுவ ஒரு நிமிடம். கம்பி வலை பாவிக்காதீர்கள். வெட்டின கம்பி நுனி ஒன்று மதர்போட்டில் விழுந்தால் பிறகு அழ வேண்டி வரும். சேலைத் துணி, இரட்டை மடிப்பு, இதெல்லாம் கூடாது. புழுதியோடு காற்றையும் மறிக்கும். வலை போட்டதும் 92. ஒரு பாகை வலைக்கு வரியாகக் கட்டியாயிற்று, பரவாயில்லை.

விசிறியின் திசையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் இதில் நானே இரண்டு மாதம் முட்டாளாக இருந்திருக்கிறேன். விசிறிக்கு இரண்டு முகம். ஒரு முகம் திறந்தபடி, இறக்கைகள் வடிவாகத் தெரியும். காற்று அந்தப் பக்கத்தால் உள்ளே போகும். மறுமுகத்தில் நடு மோட்டரைத் தாங்கி நிற்கிற நாலு கால்கள், நடுவில் ஸ்டிக்கர். காற்று அந்தப் பக்கத்தால் வெளியே வரும். சில விசிறிகளின் விளிம்பில் அம்புக்குறியும் போட்டிருப்பார்கள். நான் முதன்முதலில் பூட்டிய பெட்டியில், பின்பக்க விசிறியின் ஸ்டிக்கர்ப் பக்கத்தை உள்ளே பார்க்கப் பூட்டிவிட்டேன். முன்னாலும் உள்ளே ஊதுது, பின்னாலும் உள்ளே ஊதுது, நடுவில் புரொசெசர் வேகுது. கடையில் தந்த விசிறி சரியில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். பின்பக்கத்தில் ஒரு ரிசுக் கடதாசித் துண்டைப் பிடித்தபோது அது பறக்காமல் ஒட்டிக்கொண்டதைக் கண்டுதான் விளங்கியது. புரொசெசர் மேல் கோபுரம் மாதிரி ஹீட்சிங்க் பூட்டினவர்களும் இதைப் பார்க்க வேண்டும்: அதன் விசிறி பெட்டியின் பின்பக்கத்தை நோக்கி ஊத வேண்டும், முன் விசிறியோடு சண்டை பிடிக்கக் கூடாது.

எத்தனை உள்ளே, எத்தனை வெளியே? எங்கள் புழுதிக்கு, உள்ளே வருவது வெளியே போவதைவிடச் சற்றுக் கூட இருக்க வேண்டும். அப்படியென்றால் பெட்டிக்குள் அழுத்தம் ஒரு சொட்டுக் கூடி, எல்லா இடுக்காலும் காற்று வெளியே கசியும். புழுதி வடிகட்டி இருக்கிற வழியால் மட்டும்தான் வர முடியும். மாறாக, வெளியேற்றுகிற விசிறி கூடினால், பெட்டி எல்லா ஓட்டையாலும் உறிஞ்சும். யூஎஸ்பி ஓட்டை, கார்ட் இடுக்கு எல்லாவற்றையும் சுற்றிப் புழுதி மீசை வைத்திருந்தால் அந்தப் பெட்டி உறிஞ்சுகிற பெட்டி என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம். தம்பியின் பெட்டியில் பெயருக்கு முன்னால் மூன்று, பின்னால் ஒன்று. ஆனால் முன் மூன்றும் கண்ணாடிக்குப் பின்னால் பட்டினி. உண்மையில் அது உறிஞ்சுகிற பெட்டியாகத்தான் இருந்தது, மீசையும் இருந்தது. விசிறியை எண்ணி அழுத்தத்தைக் கண்டுபிடிக்க முடியாது, சாம்பிராணிக்குச்சியைத்தான் கேட்க வேண்டும்.

பிறகு சுத்தம். கொம்பியூட்டரை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனை ஒருமுறை அமத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தைத் தீர்த்துவிட்டு, விறாந்தைக்குக் கொண்டு வந்தோம். வெளியில் பார்த்தால் பெரிய புழுதி இல்லை. திரைக்குப் படம் தயாரித்துக் கொடுக்கிற வீஜீஏ கார்ட்டைக் கழற்றித் திருப்பி, விசிறிகளுக்கு நடுவால் டோர்ச் அடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: ஹீட்சிங்க் தகடுகளின் வாய் முழுக்க, பாய் பின்னினது மாதிரி, சாம்பல் நிறப் படை. அதற்குள் பொன் நிறத்தில் நுண்ணிய தும்புகள். வீட்டுக்குப் பின்னால் வயல்; மாசியில் வெட்டு மெசின் ஓடின நாட்களில் பறந்த நெற்சுணை அப்படியே படிந்திருந்தது. ஊசியால் ஓரத்தைக் கிளப்பினேன், முழுத் துண்டாக உரிந்து வந்தது. விசிறி இந்தப் படைக்கு வெளியே சுற்றிக்கொண்டிருக்கும், காற்று தகட்டுக்குள் போகாது. விசிறி சுற்றுது என்பதைப் பார்த்துக் காற்றுப் போகுது என்று நம்பக் கூடாது.

புளோவர் அடிக்கும்போது ஒரு விரலால் விசிறியை அசையாமல் பிடியுங்கள். காற்றுக்கு அளவுக்கு மிஞ்சிச் சுற்றினால் அதன் பெயாரிங் கெடும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். பவர் சப்ளையின் வெளிப்பக்கத்தால் ஊதலாம். அதைத் திறக்க வேண்டாம், பிளக் கழற்றிய பிறகும் அதற்குள் மின்சாரம் தேங்கி நிற்கும்.

தேமல் பேஸ்ட்டை மாற்றினோம். புரொசெசரின் தட்டும் ஹீட்சிங்கின் அடியும் கண்ணுக்கு வழுவழுப்பு, உண்மையில் மேடு பள்ளம். அந்த நுண்ணிய பள்ளங்களில் காற்று நின்றால் சூடு கடக்காது, பேஸ்ட் அதை நிரப்புகிறது. ஒரு கடலைப்பருப்பு அளவு போதும். இன்டெல்லோடு வருகிற ஹீட்சிங்க் என்றால் நாலு மூலைக் குத்தூசிகளையும் எதிரெதிர் மூலையாக, கிளிக் என்று கேட்கும்வரை அமத்துங்கள். மூன்று கிளிக் கேட்டு நாலாவது கேட்காமல் விட்ட பெட்டிகள்தான் எனக்கு அதிகம் வருகின்றன.

இவ்வளவும் முடிய 86 பாகை.

மிச்சம் ஒன்று, அது காற்றோடு சம்பந்தப்பட்டதே இல்லை: சூட்டை உண்டாக்காமல் விடுவது. எம்எஸ்ஐ ஆஃப்டர்பேர்னர் என்ற மென்பொருளில் வீஜீஏயின் மின் எல்லையை 100 வீதத்திலிருந்து 80 வீதத்துக்கு இறக்கினேன். உற்பத்தியாளர்கள் கடைசிச் சொட்டு வேகத்துக்காக நிறைய மின்சாரத்தை ஊற்றித்தான் அனுப்புகிறார்கள்; அந்தக் கடைசிச் சொட்டை விட்டுக்கொடுத்தால் சூடு நல்லாகக் குறையும், வேகம் சற்றுத்தான் குறையும். விளையாடுகிறவர்கள், திரை செக்கனுக்கு 60 தரம் படத்தைப் புதுப்பிப்பது என்றால், விளையாட்டையும் செக்கனுக்கு 60 ஃபிரேமுக்கு, அதாவது 60 படத்துக்கு, கட்டி வைக்கலாம். கண்ணுக்குத் தெரியாத ஃபிரேமுக்கு ஏன் கரண்ட் பில்? யூபிஎஸ்ஸும் கரண்ட் போனால் கூடின நேரம் தாங்கும். வீஜீஏ சூடு குறைந்ததால் பெட்டிக்குள் காற்றும் ஆறி, புரொசெசர் 83க்கு வந்தது. அறை அப்பவும் 36தான். இடைவெளி 47.

கொம்பியூட்டர் போட்டவுடன் உள்ளே போய் மாற்றக்கூடிய பயோஸ் என்ற அடிப்படை அமைப்பில் விசிறி வேகத்தையும் திருத்தினோம். 50 பாகைவரை மெதுவாக, 80இல் முழு வேகம், நடுவில் படிப்படியாக. ஒவ்வொரு செக்கனும் ஏறி இறங்கி ஊளையிடாமல், சில செக்கன் தாமதித்து மாறும்படி ஒரு தெரிவு பெரும்பாலான போட்டுகளில் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் காதுக்குச் சுகம்.

முன்னால் ஈரச் சாக்கு தொங்கவிடலாமா, ஐஸ் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். ஈரக் காற்றை உறிஞ்சிக் கறல் பிடித்த பெட்டியை மார்கழி மழைக்குப் பிறகு பார்த்திருக்கிறேன்.

பெட்டியை வைக்க இடம் தேடினோம். பலகைக் கூடு இனி இல்லை. நிலத்திலும் வேண்டாம், கூட்டுகிற புழுதி முதலில் அங்கேதான். மேற்குச் சுவரோரம் வேண்டாம், பின்னேர வெயிலில் அந்தச் சுவர் இரவு எட்டு மணிவரை கொதிக்கும். கிழக்கு மூலையில் ஒரு அடி உயரத்துக்கு சீமெந்துக் கல் இரண்டு அடுக்கி, மேலே பலகை போட்டு, பின்சுவரிலிருந்து ஒரு சாண் விட்டு வைத்தோம். மழைக்கு வாசலால் வெள்ளம் ஏறினாலும் அந்தக் கல் உதவும்.

"கண்ணாடியை எறியட்டோ அண்ணை?"

"வை. வித்துப்போட்டு வேற பெட்டி வாங்கேக்க, வாங்கிறவன் அதைத்தான் முதல் கேப்பான்."

வலையைக் கழுவ இரண்டு கிழமைக்கு ஒருக்கா, பெட்டியைத் திறந்து ஊத ஆறு மாதத்துக்கு ஒருக்கா என்று சுவர்க் கலண்டரில் எழுதி வைத்திருக்கிறான். காலபோக அறுவடை முடிகிற கிழமைக்கு மட்டும் சிவப்பு மையால் ஒரு வட்டம்.